சர்வர் மாறியபோது ‘படித்தவை’ கணக்கை மீட்ட அனுபவம்

நான் பயன்படுத்திய யூஸ்நெட் (இணையத்தின் பழைய பொது விவாதக் குழுக்கள்) சர்வர் மூடப்படும் என்று அறிவிப்பு வந்ததால் வேறொரு சர்வருக்கு மாறினேன். நேற்று இரவு பதினோரு மணி வாக்கில் நியூஸ்ரீடரை, அதாவது அந்தக் குழுக்களைப் படிக்கும் மென்பொருளைத் திறந்தேன். ஃபோர்த் நிரல்மொழியைப் பற்றிய காம்ப்.லாங்.ஃபோர்த் குழுவுக்கு நேரே, படிக்காத கட்டுரைகள் 329 என்று காட்டியது. போன வாரம், சர்வரை மாற்றியதும், அதே இடத்தில் 34,112 என்று இருந்தது. இதைச் சரிசெய்ய வார நாள் மாலைகள் இரண்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் போயின. பணச் செலவு எதுவும் இல்லை. வழியில் செய்த தவறுகளையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். யூஸ்நெட் சர்வர்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கும் காலம் இது. இன்னும் சிலருக்கும் இதே வேலை வந்து சேரும்.

முதலில், 34,112 என்று காட்டினால் எல்லாவற்றையும் ஒரே விசையில் ‘படித்தது’ ஆக்கிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தோன்றலாம். குழுவில் வரும் அத்தனையையும் அன்றன்றே படித்து முடிக்கிறவருக்கு அதுவே போதும். என் பழக்கம் வேறு. ஒரு நல்ல விவாதத்தை முழுதாக உட்கார்ந்து படிக்க நேரம் இல்லையென்றால் அதைத் திறக்காமல் அப்படியே விட்டு வைப்பேன். ஆறு வருடமாக அப்படி விட்டு வைத்தவை அந்த ஒரு குழுவில் மட்டும் 312. அவைதான் என்னுடைய ‘பிறகு படிக்க’ப் பட்டியல். வேறெங்கும் அதற்குப் பிரதி கிடையாது. 14 குழுக்களில் இப்படி விட்டு வைத்திருக்கிறேன். அதை இழக்க எனக்கு மனமில்லை.

நியூஸ்ரீடர் இந்தக் கணக்கை வைத்திருக்கும் இடம் ஒரு சின்ன உரைக் கோப்பு. பெயர் நியூஸ்ஆர்சி. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் ஹோம் கோப்புறையில் சாதாரணமாகக் கண்ணில் படாது. 1984இல் லாரி வால் எழுதிய ஆர்என் என்ற நியூஸ்ரீடர் பயன்படுத்தியதும் இந்த வடிவம்தான். இன்றைய நியூஸ்ரீடர்களும் பெரும்பாலும் இதையோ இதன் ஒரு சாயலையோதான் வைத்திருக்கின்றன. ஒரு குழுவுக்கு ஒரு வரி. என் கோப்பில் ஒரு வரியின் தொடக்கம் இப்படி இருந்தது:

காம்ப்.லாங்.ஃபோர்த்: 1-9120,9122-9140,9143,9147-9302

முக்காற்புள்ளி இருந்தால் சந்தாவில் இருக்கும் குழு. அதன் இடத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் விலகிய குழு. நான் பல வருடங்களுக்கு முன்பே விலகிய சாக்.கல்ச்சர்.தமிழ் அப்படி ஆச்சரியக்குறியோடு இன்னும் கோப்பில் இருக்கிறது. குறிக்குப் பின்னால் வருபவை படித்த கட்டுரைகளின் எண்கள். தொடர்ச்சியாகப் படித்திருந்தால் தொடக்கமும் முடிவும் மட்டும், நடுவில் ஒரு சிறு கோடு. மேலே உள்ள வரியின்படி நான் படிக்காமல் விட்டவை 9121, 9141, 9142, 9144, 9145, 9146. அவ்வளவுதான் அதன் இலக்கணம். தலைப்பு, எழுதியவர், தேதி எதுவும் அதில் இல்லை. என்னுடைய 61 வரிகளும் சேர்ந்து 11.4 கேபி.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை நான் இத்தனை வருடமும் யோசித்ததே இல்லை. பழைய யுனிக்ஸ் கணினிகளில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கோப்புறை. அதில் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு கோப்பு. அந்தக் கோப்பின் பெயரே அந்த எண். அந்தக் கணினிக்கு எந்த வரிசையில் வந்து சேர்ந்ததோ அந்த வரிசையில் எண் விழும். 1986இல் ஆர்எஃப்சி 977 என்ற இணைய நெறி ஆவணம் வழியாக, சர்வரும் நியூஸ்ரீடரும் பேசிக்கொள்ளும் முறையான என்என்டிபி வந்தபோது, அதே எண்களை வலைப்பின்னல் வழியாகத் தூரத்தில் இருப்பவரும் பார்க்கும்படி ஆயிற்று. எண் மட்டும் அந்தந்தக் கணினிக்கே சொந்தமாக நின்றுவிட்டது. ஒரே கட்டுரை ஒரு சர்வரில் 27,940 ஆகவும் இன்னொன்றில் 1,33,054 ஆகவும் இருக்கும். அதனால் சர்வரை மாற்றியதும் என் நியூஸ்ஆர்சி கோப்பு அர்த்தமற்றுப் போனது.

எண் பொருந்தாதபோது வரும் விளைவு ஒரே மாதிரி இருக்காது. நான் மூன்று விதத்தைப் பார்த்தேன்.

ஃபோர்த் குழுவில் பழைய சர்வரின் கடைசி எண் 27,940. புதிய சர்வரில் எண்கள் 98,211இல்தான் தொடங்குகின்றன. ஆகவே எல்லாமே படிக்காதது. இது கண்ணுக்குத் தெரிகிற பிழை, சமாளிக்கலாம்.

சைன்ஸ் வரிசையில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் குழுவில் தலைகீழ். என் கோப்பில் 88,412 வரை படித்தது. புதிய சர்வரின் கடைசி எண்ணோ 61,300. கோப்பில் இருக்கும் எண் சர்வரின் உச்ச எண்ணைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்த நியூஸ்ரீடர், யாரோ எண்களைத் திருப்பி அமைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் படிக்காதது ஆக்கியது. இதுவும் பரவாயில்லை.

மோசமானது காம்ப்.மிஸ்க். பழைய சர்வரில் 19,840 வரை. புதிய சர்வரில் 2,110 முதல் 24,600 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. நியூஸ்ரீடருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. 19,841இலிருந்து படிக்காதவை என்று அமைதியாகக் காட்டியது. பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலவே இருந்தது. ஆனால் நான் விட்டு வைத்திருந்த ஒரு நீளமான விவாதம் முழுக்க ‘படித்தது’ என்ற மறைவுக்குள் போய்விட்டது. ஐமேப் மின்னஞ்சலில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு அஞ்சல் பெட்டிக்கும் யுஐடி வேலிடிட்டி என்று ஓர் எண் இருக்கும். அது மாறினால் பழைய எண்களை எல்லாம் நம்பாதே என்று பொருள். என்என்டிபியில் அப்படிப்பட்ட எச்சரிக்கை எதுவும் கிடையாது.

இனி நடந்தவை, நடந்த வரிசையில்.

பழைய சர்வரை நடத்தியவர் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருந்தார். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த 30 நாள் இல்லாவிட்டால் இந்த வேலையே நடந்திருக்காது. நான் புதிய சர்வரில் பதிவு செய்து, நியூஸ்ரீடரின் அமைப்பில் சர்வர் பெயரை மட்டும் மாற்றி, திறந்து பார்த்தேன். எண்கள் எல்லாம் தாறுமாறாக இருந்தன. சரி, பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்று வெளியே வந்தேன். முதல் தவறு அங்கேதான். நியூஸ்ரீடர் வெளியேறும்போது நியூஸ்ஆர்சி கோப்பைப் புதிதாக எழுதிவிடும். புதிய சர்வரில் பார்த்த எண்களுக்கு ஏற்ப வரிகளைத் திருத்தி எழுதிவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் வரியில் இருந்த இடைவெளிகள் எல்லாம் போயே போய்விட்டன.

காப்பாற்றியது தினமும் இரவு ஓடும் பேக்கப். முந்தைய நாள் இரவு இரண்டு மணிக்கு எடுத்த பிரதி கிடைத்தது. ஒரு நாள் வாசிப்பு மட்டும் நஷ்டம். சுமார் 40 கட்டுரைகள், அவற்றை மறுபடி குறித்துக்கொண்டேன். ஆர்என் போன்ற சில பழைய மென்பொருள்கள் எழுதுவதற்கு முன்னால் முந்தைய கோப்பை வேறு பெயரில் எடுத்து வைக்கும். உங்களுடையது அப்படிச் செய்கிறதா என்று இன்றே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறும் கிட்டத்தட்ட அதே வகை. மீட்ட கோப்பை எடிட்டரில் திறந்து ஒரு வரியைக் கையால் திருத்திப் பார்த்தேன். இன்னொரு டெர்மினலில் நியூஸ்ரீடர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடியதும் என் திருத்தத்தின்மேல் தன் நினைவில் இருந்ததை எழுதிவிட்டது. இதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன்: கோப்பைத் தொடும் முன் நியூஸ்ரீடர் மூடியிருக்க வேண்டும், மாற்றும் வேலை எல்லாம் தனிக் கோப்புறையில் பிரதியின்மேல், சோதனைக்குத் திறக்கும்போது அந்தப் பிரதியின் பெயரைக் கட்டளை வரியில் கொடுத்துத் திறப்பது.

முதல் மாலை ஒரு குறுக்கு வழியை முயன்றேன். ஒரே கட்டுரைக்கு இரண்டு சர்வரிலும் என்ன எண் என்று பார்த்து வித்தியாசத்தைக் கூட்டிவிட்டால் போதாதா? ஃபோர்த் குழுவின் கடைசிக் கட்டுரை: பழையதில் 27,940, புதியதில் 1,33,054. வித்தியாசம் 1,05,114. ஐந்நூறு எண் பின்னால் போனேன். 27,440க்கு நிகர் 1,32,549. வித்தியாசம் 1,05,109. ஐந்து குறைகிறது. இன்னும் பின்னால், 22,000க்கு நிகர் 1,28,140. வித்தியாசம் 1,06,140. ஆயிரத்துக்கு மேல் நகர்ந்துவிட்டது.

எங்கே நகர்கிறது என்று நடுவில் பல இடங்களில் தொட்டுப் பார்த்தேன். பெரும்பகுதி 2023 இறுதிக்கும் 2024 பிப்ரவரிக்கும் இடையில். அந்த மாதங்கள் நினைவிருக்கும். யூஸ்நெட்டில் எழுத வழி தந்த கூகுள் குரூப்ஸ் சேவை வழியாகப் பல குழுக்களில் குப்பை (ஸ்பேம்) வெள்ளமாகக் கொட்டியது. 2024 பிப்ரவரி 22ஆம் தேதி கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட் தொடர்பை நிறுத்திய பிறகுதான் அது அடங்கியது. என் பழைய சர்வர் அந்தக் குப்பையை அப்படியே வாங்கி எண் போட்டிருக்கிறது; புதிய சர்வர் வாசலிலேயே வடிகட்டிவிட்டது. வடிகட்டிய ஒவ்வொன்றுக்கும் வித்தியாசம் ஒன்று நகரும். குப்பை இல்லாத காலத்திலும் முழுமையாகச் சரியாக இல்லை. ஒரே நிமிடத்தில் வந்த இரண்டு பதில்கள் ஒரு சர்வரில் முன்பின்னாகவும் மற்றதில் பின்முன்னாகவும் இருந்தன. கூட்டல் கழித்தல் வழியை விட்டுவிட்டேன்.

கட்டுரையை எந்தச் சர்வரிலும் ஒன்றாகவே அடையாளம் காட்டுவது மெசேஜ் ஐடி. கோணக் குறிகளுக்குள் இருக்கும் அந்த நீளமான சரம் எழுதப்பட்ட இடத்திலேயே கட்டுரையோடு ஒட்டிக்கொண்டு உலகம் முழுக்க அப்படியே பயணம் செய்யும். ஆக வேலை இதுதான்: பழைய எண்ணிலிருந்து மெசேஜ் ஐடி, மெசேஜ் ஐடியிலிருந்து புதிய எண்.

இரண்டாவது பாதியை நான் முதலில் தவறாகச் செய்தேன். என்என்டிபியில் ஸ்டாட் என்று ஒரு கட்டளை உண்டு. மெசேஜ் ஐடியைக் கொடுத்தால் அந்தக் கட்டுரை இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். பதிலில் எண்ணுக்கும் ஓர் இடம் இருக்கிறது. பத்து ஐடிகளைக் கொடுத்துப் பார்த்தேன். பத்துக்கும் 223 என்ற வெற்றிக் குறியீடு வந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் பத்திலும் 0. சர்வரில் பிழை என்று நினைத்து அரை மணி நேரம் செலவழித்தேன். அப்புறம் 2006இல் வந்த ஆர்எஃப்சி 3977ஐத் திறந்து படித்தால், ஐடியை வைத்துக் கேட்கும்போது எண்ணுக்குப் பதில் 0 தரலாம் என்று தெளிவாக அனுமதித்திருக்கிறார்கள். ஒரே கட்டுரை பல குழுக்களில் இருக்கலாம். எந்தக் குழுவின் எண்ணைத் தருவது என்ற கேள்வி வரும். நியாயம்தான். எண் கிடைத்திருந்தாலும் இந்த வழி உதவியிருக்காது. ஒரு கேள்விக்குப் பதில் வர 180 மில்லிவினாடி ஆனது. என்னிடம் 1,86,000 கட்டுரைகள். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல்.

சரியான வழி இரண்டு சர்வரிடமும் முழுப் பட்டியலை வாங்கி வீட்டில் வைத்துப் பொருத்துவது. அதற்கு எக்ஸ்ஹெச்டிஆர் கட்டளை. ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, எந்த எண் முதல் எந்த எண் வரை என்று சொல்லி, மெசேஜ் ஐடி மட்டும் வேண்டும் என்று கேட்டால், வரிக்கு ஓர் எண்ணும் ஓர் ஐடியும் வரும். தலைப்பு, தேதி எல்லாம் சேர்த்துத் தரும் ஓவர் கட்டளையையும் முதலில் முயன்றேன். கட்டுரைக்கு 380 பைட் அளவில் வந்தது. எக்ஸ்ஹெச்டிஆரில் 60 பைட். நமக்கு ஐடி மட்டுமே தேவை.

இதற்கான நிரலை எழுத நான் எடுத்த பைத்தான் நிரல்மொழியில் இந்த இடத்தில் ஒரு தடங்கல். பல வருடங்களாகப் பைத்தானோடு என்என்டிபி பேசும் நூலகம் ஒன்று சேர்ந்தே வந்துகொண்டிருந்தது, 3.13 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பழைய பைத்தானை நிறுவியிருக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியவை நான்கு கட்டளைகள்தாம்: பயனர் பெயர், கடவுச்சொல், குழு, எக்ஸ்ஹெச்டிஆர். சாக்கெட்டை, அதாவது சர்வரோடு பேசும் இணைப்பைத் திறந்து நேரடியாக எழுதினேன். 563ஆம் போர்ட், டிஎல்எஸ் பாதுகாப்போடு. மொத்தம் 140 வரி.

அதில் ஒரு பிழை இரண்டு மணி நேரத்தைத் தின்றது. பல வரிப் பதிலின் முடிவை என்என்டிபி ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள ஒரு வரியால் காட்டும். நான் சாக்கெட்டிலிருந்து 4,096 பைட் துண்டுகளாக வாங்கி, வந்த துண்டு புள்ளி வரியோடு முடிகிறதா என்று பார்த்தேன். சின்னக் குழுக்களில் நன்றாக ஓடியது. பெரிய குழுவில் எப்போதாவது அப்படியே நின்றுவிடும். காரணம், அந்தப் புள்ளி ஒரு துண்டின் கடைசியிலும் அதற்குப் பின்வரும் வரி முடிவு அடுத்த துண்டின் தொடக்கத்திலும் பிரிந்து வந்ததுதான். என் நிரல் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, முடிவு வரவில்லை என்று காத்துக்கொண்டே இருந்தது. சாக்கெட்டைக் கோப்புபோலச் சுற்றி, வரி வரியாகப் படிக்கும்படி மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு முறைகூட நிற்கவில்லை. ஆரம்பத்திலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும்.

இலவசமாக நடத்தப்படும் சர்வர்களுக்குப் பாரம் கொடுக்கக் கூடாது என்பதால் ஒரு முறைக்கு 2,000 எண்கள், நடுவில் ஒரு வினாடி ஓய்வு, ஒரே ஓர் இணைப்பு. பழைய சர்வரின் 1,86,000, புதிய சர்வரின் 2,31,000 கட்டுரைகளுக்கும் சேர்த்து 25 எம்பி இறங்கியது. ஒன்பது நிமிடம். அந்த இரண்டு கோப்புகளையும் உடனே பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். பழைய சர்வர் மூடிய பிறகு அந்தப் பட்டியலை யாரிடமும் கேட்டு வாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பொருத்தும் வேலை. நியூஸ்ஆர்சி வரியைப் பிரித்து, எந்தெந்த எண்கள் படித்தவை என்று விரித்து, முதலில் பழைய சர்வரின் பட்டியலோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இது ஒரு சரிபார்ப்பு: நியூஸ்ரீடர் காட்டும் 312 வர வேண்டும். வந்தது 510. கூடுதல் 198. என் வரியில் சிறு கோட்டோடு இருந்த தொடர்கள் எத்தனை என்று எண்ணினேன். அதுவும் 198. பைத்தானில் எண் தொடரை விரிக்கும் ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது. நியூஸ்ஆர்சியில் கடைசி எண்ணும் சேர்ந்தது. ஒவ்வொரு தொடரிலும் கடைசிக் கட்டுரை நழுவிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கூட்டியதும் 312. இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் போயிருந்தால் 14 குழுக்களிலும் படித்ததையே மறுபடி படித்துக்கொண்டிருந்திருப்பேன். அதனால் யார் செய்தாலும் பழைய சர்வரின்மேல் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் புதியதற்குப் போக வேண்டும் என்பேன்.

அடுத்தது மாற்றம். படித்த எண்களை ஐடியாக்கி, அந்த ஐடிகளைப் புதிய எண்ணாக்கி, வரிசைப்படுத்தி, மறுபடி தொடர்களாகச் சுருக்கி எழுதினேன். கோப்பு 96 கேபிக்கு வீங்கியிருந்தது. ஃபோர்த் வரி மட்டும் திரையைப் பல முறை நிரப்பியது. நியூஸ்ரீடரில் திறந்தால் எண்ணிக்கையும் தவறு.

இரண்டு காரணங்கள். ஒன்று, சர்வரில் இல்லாத எண்கள். குழுவைத் தேர்ந்தெடுத்தபோது புதிய சர்வர் சொன்னது: கீழ் எண் 98,211, மேல் எண் 1,33,054, கட்டுரைகள் 34,112. எண்களை வைத்துக் கணக்கிட்டால் 34,844 இருக்க வேண்டும். 732 எண்களில் ஒன்றும் இல்லை. ரத்து செய்யப்பட்டவை, நீக்கப்பட்டவை. அந்த ஓட்டைகள் ஒவ்வொன்றும் என் தொடரை உடைத்தன. நியூஸ்ரீடர்கள் சாதாரணமாக இல்லாத எண்ணையும் படித்ததாகவே சேர்த்துவிடும். அதனால்தான் கோப்பு சின்னதாக இருக்கிறது. நானும் அதையே செய்தேன். வரிகளில் எண்கள் எப்போதும் ‘1-’ என்று தொடங்குவதும் இதே காரணத்தால்தான். ஒன்றாம் எண் கட்டுரையை நான் பார்த்ததே கிடையாது.

இரண்டாவது காரணம், புதிய சர்வர் பழையதைவிட நீண்ட காலக் கட்டுரைகளை வைத்திருந்தது. பழைய சர்வரில் காலாவதியாகிப் போனவற்றுக்கு ஐடி கிடைக்காது. அவை எல்லாம் படிக்காதவை என்று நின்றன. அதற்கு ஒரு கோடு போட்டேன். பழைய சர்வரில் இருந்த மிகப் பழைய 50 கட்டுரைகளுக்குப் புதிய எண்களைப் பார்த்து, அவற்றில் மிகச் சிறியதை எடுத்து, அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் படித்ததாக்கினேன். ஃபோர்த்தில் அப்படிப் போனவை 10,908. அவற்றில் நான் படிக்காததும் இருக்கலாம். ஆனால் அவை என் ‘பிறகு படிக்க’ப் பட்டியலில் இல்லாதவை. இந்த இரண்டு திருத்தங்களுக்குப் பிறகு கோப்பு 12.2 கேபி. பழையதைவிடக் கொஞ்சம் பெரிது, எண்கள் ஐந்து இலக்கத்திலிருந்து ஆறு இலக்கமானதால்.

மதிய உணவுக்குப் பிறகு இன்னொரு மாற்றம் செய்தேன், அது எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தது. ஒரே கட்டுரையைப் பல குழுக்களுக்கு அனுப்புவது உண்டு. ஒரு குழுவில் படித்தால் மற்றதிலும் படித்ததாக வேண்டும். நியூஸ்ரீடர் இதைக் கட்டுரையில் சர்வர் சேர்க்கும் எக்ஸ்ரெஃப் என்ற தலைப்பு வரியை வைத்துச் செய்கிறது. இந்தக் கட்டுரைக்கு இந்தக் குழுவில் இந்த எண், அந்தக் குழுவில் அந்த எண் என்று அதில் இருக்கும். அதுவும் சர்வருக்குச் சொந்தமான எண்தான். நான் முதலில் குழு குழுவாகப் பொருத்தினேன். பிறகு 14 குழுக்களிலும் படித்த ஐடிகளை எல்லாம் ஒரே தொகுப்பில் கொட்டி, அந்தத் தொகுப்பை ஒவ்வொரு குழுவின்மேலும் ஓட்டினேன். ஐடி எந்தக் குழுவில் இருந்தாலும் ஒன்றேதான்; ஆகவே எக்ஸ்ரெஃபை நான் தொடவே தேவையில்லாமல் போயிற்று. பழைய சர்வரில் இல்லாமல் புதியதில் மட்டும் இருந்த ஒரு லினக்ஸ் குழுவுக்கும், அங்கே நான் இதுவரை சந்தா வைத்ததே இல்லாத நிலையிலும், வேறு குழு வழியாகப் படித்திருந்த கட்டுரைகள் சரியாகக் குறிக்கப்பட்டன. நிரலில் மாற்றியது மூன்று வரி.

ஃபோர்த் குழுவின் கடைசிக் கணக்கு: பழைய சர்வரில் இருந்தவை 24,377. படித்தவை 24,065. அவற்றில் புதிய சர்வரில் கிடைத்தவை 22,875, அதாவது நூற்றுக்கு 95. கிடைக்காத 1,190இல் நான் தொட்டுப் பார்த்த எல்லாமே அந்தக் குப்பை. விட்டு வைத்திருந்த 312இல் 307 வந்து சேர்ந்தன. வராத ஐந்தும் நல்ல கட்டுரைகள். கூகுள் குரூப்ஸ் வழியாக உண்மையான ஆட்கள் எழுதியவை, குப்பையோடு சேர்ந்து வடிகட்டப்பட்டுவிட்டன. பழைய சர்வர் மூடும் முன் அந்த ஐந்தையும் இறக்கி வைத்துக்கொண்டேன். இவற்றோடு, பழைய சர்வருக்கு வந்தே சேராமல் புதியதில் மட்டும் இருந்தவை 22. ஆக 307உம் 22உம் சேர்ந்து 329.

சரிபார்க்க எந்த வரிசையும் பார்க்காமல் 50 ஐடிகளை எடுத்து இரண்டு சர்வரிலும் ஒன்றுபோல நிற்கிறதா என்று பார்த்தேன். 50உம் சரி. காம்ப்.மிஸ்க்கில் மறைந்துபோன அந்த நீண்ட விவாதம் மறுபடி மேலே வந்து நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

அடுத்த முறை நடக்கும் முன்பே செய்து வைத்துவிட்ட ஏற்பாடு ஒன்று உண்டு. படித்த கட்டுரைகளின் மெசேஜ் ஐடிகளை ஒரு எஸ்க்யூலைட் (சிறு தரவுத்தளம்) கோப்பில் சேர்த்து வைக்கிறேன். தினமும் இரவு பேக்கப்புக்கு முன்னால் ஒரு ஸ்கிரிப்ட், நேற்றைய நியூஸ்ஆர்சிக்கும் இன்றையதற்கும் இடையில் புதிதாகப் படித்தவை எவை என்று பார்த்து, அவற்றின் ஐடியை மட்டும் சர்வரிடம் கேட்டு எழுதிவிடும். கோப்பு இப்போது 9 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. 11.4 கேபிக்கும் 9 எம்பிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பார்த்தால், 1980களின் வட்டுகளில் ஏன் எண்களை மட்டும் எழுதினார்கள் என்பது புரிகிறது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. இனி எந்தச் சர்வர் திடீரென்று நின்றாலும், பழைய சர்வரின் உதவி இல்லாமலே புதியதற்கு மாறலாம். முன்னறிவிப்பு 30 நாள் கிடைக்கும் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்க்க முடியாது.

இரண்டு சர்வர்களைச் சேர்ந்தே பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனி நியூஸ்ஆர்சி வைத்துக்கொள்ள வேண்டும். டின் என்ற நியூஸ்ரீடரில் எந்தச் சர்வருக்கு எந்தக் கோப்பு என்று எழுதி வைக்க ஒரு அட்டவணைக் கோப்பே இருக்கிறது. தண்டர்பேர்டும் சர்வருக்கு ஒன்றாகவே வைக்கிறது. நானும் முதல் நாளே அப்படி வேறு கோப்பைக் கொடுத்துத் திறந்திருந்தால் பேக்கப்பைத் தேடி ஓடியிருக்க வேண்டாம்.

14 குழுக்களிலும் சேர்த்து, பழைய சர்வருக்கு வராமலே போனவை 143. நேற்று இரவு அவற்றை மட்டும் வரிசையாகப் படித்தேன். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் குழுவில் ஒன்று எனக்கு எழுதிய பதில். அப்பாவின் பழைய வால்வு ரேடியோவில் வரும் ஹம் சத்தத்தைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் நான் கேட்டிருந்தேன். ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இரண்டையும் மாற்றியும் போகவில்லை என்று. யாரும் பதில் சொல்லவில்லை என்று நினைத்து ரேடியோவைப் பரணில் ஏற்றிவிட்டேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ஹம் 100 ஹெர்ட்ஸா, 50 ஹெர்ட்ஸா? 50 என்றால் கெப்பாசிட்டரை விட்டுவிட்டு, வால்வுக்குள் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையில் கசிவு இருக்கிறதா என்று பார் என்று எழுதியிருந்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பதில் எழுதிவிட்டேன். ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அளந்து பார்க்க வேண்டும்.